எருமை மேய்ந்த இடத்து நீலக் காளான்

கொஞ்சம் இருங்க. 'வேலி போட்டா காடு பிழைச்சிடும்'னு முன்னாடி பேசினவர் சொன்னாரே, அதுக்குத்தானே இந்தக் கைதட்டல்? ஒரு சின்னக் கதை இருக்கு... கேட்டுட்டுத் தட்டுங்க.

கொடைக்கானலுக்கு மேல ஒரு புல்மேடு. அங்க பதினோரு எருமை மேய்ச்சு, பால் ஊத்திப் பிழைச்சவ ராக்கம்மா. புருஷன் இல்ல. நிலம் இல்ல. எருமைதான் எல்லாம்.

ஒரு மழைக்காலத்துல, காளான் ஆராய்ச்சி பண்ற நிவேதா டாக்டர் வந்தாங்க. மூணு நாள் தேடிட்டு ராக்கம்மாகிட்ட கேட்டாங்க. "நீலக் காளான் பார்த்திருக்கீங்களாம்மா?"

"குனிஞ்சு பாருங்க டாக்டரம்மா. உங்க செருப்புக்குப் பக்கத்துலதான் நிக்குது."

நகத்தளவு காளான். மயில் கழுத்து நீலம். டாக்டர் அதோட தொப்பியை வெள்ளைத் தாள்ல கவிழ்த்து, மேல டம்ளரை மூடினாங்க. சாயங்காலம் திறந்தா... காளான் நீலம், தாள்ல படிஞ்ச விதைத்தூள் ரோஸ். அதுதான் அடையாளம். அவங்களுக்குக் கண் கலங்கிடுச்சு. "ரொம்ப அபூர்வம்மா இது. வேற எங்க வரும்?"

"எருமை மேஞ்சு புல்லு கட்டையா கிடக்கணும். அங்க மட்டும்தான் வரும். புல்லு வளர்ந்துட்டா ஒண்ணுகூட வராது."

டாக்டர் அதையும் எழுதினாங்க. அறிக்கையோட முதல் பக்கத்துல 'அபூர்வம்'. எருமை மேயணும்ங்கிற விஷயம் நாலாம் பக்கத்துல. அதிகாரி எத்தனை பக்கம் படிப்பார்?

வேலி வந்துச்சு. வனக்காவலர் சொன்னார், "இனிமே மாடு உள்ள வரக்கூடாது. அபூர்வக் காளான் இருக்கு."

"அதைக் காட்டினதே நான்தான் சார்."

"அதான் காட்டிட்டியே. கிளம்பு."

மேய்ச்சல் இல்லாத எருமை எத்தனை நாள் தாங்கும்? ஒவ்வொண்ணா அடிமாட்டு லாரில ஏறுச்சு. கடைசி எருமை ஏறாம நின்னுச்சு... ராக்கம்மாவே வாலை முறுக்கி ஏத்திவிட்டா.

ரெண்டு மழை போச்சு. டாக்டர் திரும்ப வந்தாங்க. வேலிக்குள்ள இடுப்பளவு புல். நாலு நாள் தேடினாங்க. ஒரு காளான் இல்ல. ராக்கம்மா பாத்திரம் தேய்க்கிற லாட்ஜுக்குப் போனாங்க.

"நான் பேசிட்டேன்மா. வேலியை எடுத்துடுவாங்க. நீங்க பழையபடி மேய விடலாம்."

ராக்கம்மா நிமிரல. "எதை மேய விடச் சொல்றீங்க டாக்டரம்மா? நானே போய் மேயணுமா?"

இதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா?

காட்டைக் காக்க வேண்டாம்னு நான் சொல்லல. அந்த மண்ணுல தினம் நடக்கிறவ தெளிவா சொன்னா. நம்ம ஆளுங்க அதைப் படிக்கக்கூட இல்ல. காளானும் போச்சு, அவ பிழைப்பும் போச்சு. நாளைக்கு உங்க முன்னாடியும் ஒரு காகிதம் வரும். 'பாதுகாக்கப் போறோம், கையெழுத்துப் போடுங்க'ம்பாங்க. அங்க இருக்கிறவங்க என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. பதில் வரலையா... பேனாவை மூடுங்க. தப்பா நட்ட வேலியை ஒரே நாள்ல பிடுங்கிடலாம். லாரில போன உயிரை யாராலயும் திரும்ப இறக்க முடியாது.