வாத்துக் கால் நான்கு கிலோ

எனக்கு ஜெர்மன் மொழியில் பதினான்கு சொற்கள் தெரியும். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. எல்லாம் நிறுத்தக்குறிகளின் பெயர்கள். கமாவுக்கு ‘கொம்மா’. முற்றுப்புள்ளிக்கு ‘புங்க்ட்’. அடைப்புக்குறிக்கு ‘க்ளாமர்’. மேற்கோள் குறிக்கு ‘கென்ஸஃபூஸ்ஷன்’; அதற்குக் குட்டி வாத்துக் கால்கள் என்று பொருள். சிரிக்கலாம், கமலா. ஏழு வயதில் இதைக் கேட்டு நீ விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாய்.

ஜூரோங்கிலிருந்து நேரே வந்திருக்கிறாய், தொழிற்சாலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. காப்பியைக் குடி. உன் அப்பா நாகப்பட்டினத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறான். சிங்கப்பூருக்குத் திரும்ப அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். அதற்கு என்னிடம் இருக்கும் தாள் வேண்டும். அவ்வளவுதானே? தாள் இருக்கிறது. பதினொரு வருடமாகக் கசங்காமல் வைத்திருக்கிறேன். எப்படி என்னிடம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தாறில் ஜமால் முகம்மது முதலாளியின் அச்சகம் டன்லப் தெருவில் இருந்தது. நான் பிழை திருத்துபவன். சேதுபதி, உன் அப்பா, எழுத்துக் கோப்பவன். முதலாளி ஜெர்மனியிலிருந்து புது இயந்திரமும் ஈய எழுத்துகளும் தருவிக்க முடிவு செய்தார். ஆர்டர் படிவம் முழுக்க ஜெர்மன். எந்தக் குறி எத்தனை கிலோ வேண்டும் என்று அவர்கள் பெயரிலேயே நிரப்ப வேண்டும்.

“பரமசிவம், இங்கிலீஷ் பேருக்கு நேரா ஜெர்மன் பேரைப் போட்டுக் குடு,” என்றார் முதலாளி.

பதினொரு சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்தேன். அரைப்புள்ளிக்கு அகராதியில் இரண்டு பெயர் இருந்தது. எது புழக்கத்தில் உள்ளது என்று கேட்க, துறைமுகத்தில் ஒரு ஜெர்மன் கப்பல் சமையல்காரனைத் தேடிப் பிடித்தேன். அப்படிச் செய்த வேலை அது.

உன் அப்பாவுக்கு ஆங்கில எழுத்துகள் வடிவமாகத் தெரியும்; வாசிக்க வராது. ஆகவே நான் சொல்லச் சொல்லத் தனக்கென்று ஒரு தாள் எழுதிக்கொண்டான். இடப்பக்கம் குறியின் படம். நடுவில் ஜெர்மன் பெயர், தமிழ் எழுத்தில். வலப்பக்கம் எடை. என் தாளில் ஆங்கிலமும் ஜெர்மனும். அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவனுடையது சட்டைப் பையில் இருந்தது.

அப்புறம் முதலாளி, இயந்திரம் பழக ஜெர்மனிக்கு ஆறு மாதம் ஒருவரை அனுப்பப்போவதாகச் சொன்னார். என் பெயரைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள்.

“மெஷின்ல கை வைக்கிறவன்தான் போகணும் லா. பேனா புடிக்கிறவனுக்கு அங்க என்ன வேலை? சேதுபதி போகட்டும்,” என்றார்.

உன் அப்பா சுங்கை ரோட்டுப் பழைய சந்தையில் ஒரு குளிர் கோட்டு வாங்கி வந்தான். சாம்பல் நிறம், ஒரு பொத்தான் இல்லை. அந்த வெயிலில் அதை மாட்டிக்கொண்டு அச்சகத்துக்குள் ஒரு நடை நடந்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.

“அண்ணே, கவலைப்படாதீங்க. அங்க வாத்துக் கால் சூப்பு குடிச்சா உங்க பேரச் சொல்லித்தான் குடிப்பேன்,” என்றான்.

நானும் சிரித்தேன். அவனிடம் கெட்ட எண்ணம் கிடையாது. இதை எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்.

அந்த அக்டோபரில் நகரத்தில் கலவரம், ஊரடங்கு. எந்த அச்சகம் துண்டறிக்கை அடித்தது என்று தேடினார்கள். முதலாளி நாகூர் போயிருந்தார். காலை பத்து மணிக்கு மூன்று போலீஸ் அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் தமிழர். எல்லாருடைய பைகளையும் சோதித்தார்கள். உன் அப்பாவின் தாள் கிடைத்தது.

தமிழ் அதிகாரி வாய்விட்டு வாசித்தார். “கொம்மா பன்னிரண்டு கிலோ. க்ளாமர் இரண்டு கிலோ. கென்ஸஃபூஸ்ஷன் நான்கு கிலோ. இது என்னடா பாஷை? என்ன சரக்கு?”

“ஐயா, அது கமா, புள்ளிங்க ஐயா. ஜெர்மன்காரன் பேரு. பரமசிவம் அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு. அவரையே கேளுங்க.”

என்னிடம் வந்தார்கள். இழுப்பறை என் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது. திறந்து நீட்டியிருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள்.

“இது என்னன்னு தெரியுமா?”

“தெரியாது,” என்றேன்.

உன் அப்பா என்னைப் பார்த்தான். கோபமாக அல்ல. பாடத்தை மறந்துவிட்ட மாணவனுக்கு எடுத்துக் கொடுப்பதுபோல, “அண்ணே, வாத்துக் கால்...” என்றான். நான் கையிலிருந்த அச்சுப் பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். அன்று அதில் ஒன்பது பிழைகள்.

முதலாளி திரும்பி வந்ததும் கேட்டார். அது நம் தாள் இல்லை, வேறு ஏதோ யூனியன் தாள் என்றேன். யூனியன் என்றதும் அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நான்கு மாதம் உள்ளே வைத்திருந்து, உன் அப்பாவை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். திரும்பி வரக் கூடாது என்று உத்தரவு.

ஜெர்மனிக்கு நான் போனேன். அந்தக் குளிர் கோட்டை உன் அம்மா முத்தாயிதான் கொண்டுவந்து தந்தாள். “வீணாக் கெடக்குது, நீங்களாவது போட்டுக்குங்க,” என்றாள். பொத்தானும் தைத்திருந்தாள். ஃபிராங்க்ஃபர்ட்டில் அது நன்றாகவே குளிர் தாங்கியது.

உன் அப்பா கடிதத்தில் என்ன எழுதினான் என்று நீ படித்திருப்பாய். ‘அண்ணன் பயந்துவிட்டார், பாவம், அவரை ஏசாதீர்கள்.’ அவனே ஒரு காரணம் தந்துவிட்டதால் நான் மறுக்கவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். அன்று எனக்குப் பயம் இல்லை. மனம் மிகவும் அமைதியாக இருந்தது. தப்பான ஓர் எழுத்தை எடுத்துவிட்டுச் சரியானதை வைத்ததுபோல.

உன் அம்மா என்னிடம் மனு எழுதக் கேட்டு மூன்று முறை வந்தாள். ஐம்பத்தேழில், ஐம்பத்தொன்பதில், அறுபத்திரண்டில். வேறு யாரிடம் போவாள்? நான் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டுவேன். அவள் அழுவாள். முந்தானையில் முடிந்த காசை எடுத்து அஞ்சல்தலைக்குத் தருவாள். அஞ்சல்தலை வாங்கி ஒட்டுவேன். அந்தக் காசில் ஒரு சதம்கூட நான் எடுத்ததில்லை.

“பதில் வந்துச்சா அண்ணே?”

“வரும், பொறு.”

இதோ அந்த மூன்றும். உறை பிரிக்கவில்லை. அஞ்சல்தலையில் முத்திரை இல்லை, பார். பிரித்துப் படி. அவனுக்காக இதைவிட நல்ல ஆங்கிலத்தில் யாரும் எழுதியிருக்க முடியாது. ஒரு கமா தவறியிருக்காது.

அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் தாளையும் இணைக்க வேண்டியிருக்கும். இணைத்தால் உன் அப்பா வந்திருப்பான். வந்தால் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றிருப்பான். நான் பத்து வருடமாக ஓட்டும் இயந்திரம். அவனுக்கு அது ஒத்துவந்திருக்காது. அவன் நன்மையையும் யோசித்தேன்.

இதுதான் அந்தத் தாள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஜெர்மன், அடியில் அச்சக முத்திரை, தேதி. இதைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

கையை நீட்டாதே, பொறு. மருத்துவர் இரண்டு மாதம்தான் சொல்லியிருக்கிறார் என்கிறாய். புரிகிறது. அதனால்தான் அவசரப்பட்டுக் கெடுத்துவிடக் கூடாது. தாளை இப்படியே கொடுத்தால் போதாது, மனு முறையாக இருக்க வேண்டும். உன் ஆங்கிலத்தை நான் பார்த்திருக்கிறேன், அரைப்புள்ளி எங்கே வைப்பது என்று உனக்கு இன்னும் தெரியவில்லை.

நானே எழுதித் தருகிறேன். இந்தத் தாளையும் நானே இணைக்கிறேன். அழாதே அம்மா, பெரியப்பா இருக்கிறேன். நீ வேலைக்குப் போகிற பிள்ளை, உனக்கு எதற்கு அலைச்சல்? தபாலிலும் நானே போட்டுவிடுகிறேன்.