கறுக்காத வெள்ளிக் கிண்ணம்

வெள்ளி என்றால் நாளாக நாளாகக் கறுக்கும், இன்ஸ்பெக்டர் அம்மா. அலுமினியம் கறுக்காது. உங்கள் வீட்டுக் குங்குமச்சிமிழைப் பார்த்தாலே தெரியும். இவ்வளவுதான் வித்தை. இதைத் தெரிந்து வைத்திருந்ததற்காகத்தான் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அரியலூரிலிருந்து செட்டிகுளம் வரை யார் கொல்லையில் எது பளபளத்தாலும் வாலிகண்டபுரத்துக்கு, வைத்திலிங்கம் வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்குத்தான் எடுத்து வருவார்கள். நெடுஞ்சாலையில் காரை நிறுத்திக் குடிக்கிற கனவான்கள் காலி டப்பாவை மக்காச்சோளக் கொல்லைக்குள் வீசிவிட்டுப் போவார்கள். டிராக்டர் அதைக் கிழித்துப் போடும். மழையில் சாயம் போகும். பிறகு களை எடுக்க வருகிறவர்கள் கையில் அது சோழர் புதையலாகிவிடும். டப்பாவின் வாய் விளிம்பு இளவரசன் போட்ட காப்பு. இழுத்துத் திறக்கிற வளையம் ராணியின் காதணி. "பீர் டப்பாம்மா இது" என்று நான் சொன்னதும் முகம் சுருங்கிப் போவார்கள். உண்மையைச் சொல்லி ஊரில் நல்ல பேர் வாங்கியவன் யார், சொல்லுங்கள்.

என்னிடமிருந்த உயர்ந்த பொருள் ஒன்றே ஒன்று, அந்தத் திருநீற்றுக் கிண்ணம். உள்ளங்கையில் அடங்கும், நடுவில் அழகான குழி. என் கொல்லையில் நானே கண்டெடுத்தது, ராஜேந்திரன் காலம் என்று நானே கணித்தது. பொங்கல் கண்காட்சியில் வைத்தபோது கல்யாண மண்டபமே வரிசையில் நின்றது. இத்தனை வருடத்தில் அது துளியும் கறுக்கவில்லை. சோழர்கள் அவ்வளவு சுத்தமான வெள்ளி வைத்திருந்தார்கள்.

என் மனைவி வீரம்மாள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் அந்தி வெளிச்சத்திலும் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்துவிடுவாள். ஒருநாள் கொல்லையிலிருந்து வந்தவள் மடியிலிருந்து ஒரு கிழிந்த டப்பாவை எடுத்து என் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"ஏங்க, இந்த டப்பா அடியும் இதே மாதிரித்தான் குழிஞ்சிருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தேன், பொருந்திக்கிச்சு. நான் யாருகிட்டயும் சொல்லலீங்க."

சொல்லவில்லைதான். அவ்வளவு நல்லவள். ஆனால் அதற்குப் பிறகு யாராவது கிண்ணத்தைப் பார்க்க வந்தால், காப்பியை வைத்துவிட்டு லேசாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போவாள். ஊரே சிரித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்காது.

அப்புறம் அவளுக்குப் பார்வை ஓரங்களில் மங்கியது. கண்ணில் அழுத்தம், சொட்டு மருந்தை நிறுத்தவே கூடாது, சீக்கிரம் ஆபரேஷன் செய்யுங்கள், போன பார்வை திரும்பாது என்றார் திருச்சி டாக்டர். அவளுடைய தம்பி அண்ணாதுரை, இப்போது புகார் கொடுத்திருக்கிறாரே அவர்தான், ஆபரேஷனுக்கு நாள்கூடக் குறித்துவிட்டார்.

அதற்கு முந்தைய வாரம் அவள் கொல்லையிலிருந்து ஒரு டப்பா வளையத்தைக் கொண்டுவந்தாள். இரண்டு ஓட்டை, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. கண் நோய் தீர மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவோம் அல்லவா, அந்த ஜோடிக் கண் என்று நினைத்துவிட்டாள். ஆத்தாளே மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாளாம். டப்பா அடியைக் கண்டுபிடித்த கண் அவ்வளவு மங்கியிருந்தது.

"என் கண்ணு மாதிரியே ஒண்ணு சின்னதா இருக்குங்க. எனக்குச் சரியாத் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க, வெள்ளிதானே?"

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவசரப்பட்டுச் சொல்வது என் வழக்கமில்லை.

"வெள்ளிதான். ரொம்பப் பழசு. ஆத்தாளே கண்ணு குடுத்துட்டா. அதுக்கப்பறமும் கத்தி வச்சா அவ கோவிச்சுக்க மாட்டாளா?"

அவ்வளவுதான் நான் செய்தது. அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. சொட்டு மருந்தை அவளேதான் நிறுத்தினாள். தம்பியோடு சண்டை போட்டு ஆபரேஷனை அவளேதான் வேண்டாம் என்றாள். கோயில் தீர்த்தத்தால் கண்ணைக் கழுவிக் கழுவி, அடுத்த பொங்கலுக்குள் அவளுக்கு விளக்கு வெளிச்சமும் தெரியாமல் போயிற்று. இப்போது வருகிறவர்களுக்கு நானே காப்பி கொடுக்கிறேன். எல்லோரும் நிம்மதியாகக் கிண்ணத்தைப் பார்க்கிறோம்.

வளையத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்திருந்தாள். வெள்ளி கறுக்கும் என்பது அவளுக்கும் தெரியும், என்னோடு குடித்தனம் செய்தவள் அல்லவா. வெள்ளிக்கிழமை தோறும் கேட்பாள்.

"கண்மலரு கறுத்துடுச்சாங்க?"

"கொஞ்சங் கொஞ்சமாக் கறுக்குது" என்பேன். கறுத்தால் வெள்ளி, வெள்ளியென்றால் பார்வை திரும்பும் என்று அவள் கணக்கு. மாடம் இருக்கிற பக்கம் தெரியாமல் சுவரைப் பார்த்துக் கும்பிடுவாள். அண்ணாதுரை ஒருநாள் அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டார். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் ஏட்டு, 'அறியாமையால் தவறாகச் சொல்லிவிட்டார்' என்று எழுதிக்கொண்டிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். கையில் வாங்கியபோதே அது டப்பா வளையம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் ஒரு பொருளைக்கூடத் தவறாக இனம் கண்டதில்லை.

அப்புறம், அண்ணாதுரை வம்புக்கென்று அந்தக் கிண்ணத்தையும் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்திருக்கிறார். அதை மட்டும் பஞ்சில் சுற்றி வையுங்கள், அம்மா. வெள்ளி, காற்றுப் பட்டால் கறுத்துவிடும்.