வெர்னா சித்தியின் கல்யாணம்

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் சித்தியைப் பார்க்கப் போய்விடுவேன். கையில் ஆப்பிள் கேக் இருக்கும், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டது. அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும். அந்த முதியோர் இல்லத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஷெரீப் ஆபீஸ் போலீஸ்காரர், விசாரிக்க வந்திருக்கிறீர்கள், கேட்காமலா இருப்பீர்கள்.

அம்மா போனபின் என்னை வளர்த்தவள் வெர்னா சித்தி. பக்கவாதம் வந்து அவள் படுத்தபோது வீடு, சேமிப்பு எல்லாம் அந்தச் செலவிலேயே கரைந்தது. கையில் ஒன்றுமில்லை என்றான பிறகுதான், இல்லத்துக்கான பணத்தையும் கட்டும் அரசாங்க மருத்துவ உதவி கிடைத்தது. அதற்கு நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். அவளுக்காக முடிவெடுக்கும் அதிகாரமும் சட்டப்படி என்னிடம்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் ஹார்லன் வந்து சேர்ந்தார். மனைவியை இழந்த பால்பண்ணைக்காரர். புதன்கிழமைகளில் இல்லத்துக்கு வந்து சித்தியோடு சீட்டு விளையாடுவார். அவளுக்கு ஒரு கை வராது. அதனால் அவளுடைய சீட்டுகளையும் அவரே விரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். நல்ல மனிதர். இல்லை என்று நான் சொல்லவில்லை.

வசந்தத்தில் அவர் தன் நிலத்தை ஒரு சோலார் கம்பெனிக்கு விற்றார். மறு வாரமே சித்தி சொன்னாள்.

“மார்லிஸ், நானும் ஹார்லனும் கல்யாணம் பண்ணிக்கப்போறோம்டி.”

சட்டப்படி புருஷன் பணம் பெண்டாட்டி கணக்கிலும் சேரும், உதவி நின்றுவிடும் என்று பொறுமையாக விளக்கினேன். “அந்தப் பணம் இங்க கட்டினா மூணு வருஷத்துக்குத்தான் வரும் சித்தி.”

“மூணு வருஷம் போதும்டி எனக்கு.”

“கல்யாணம் எதுக்கு? இப்படியே சீட்டாடிக்கிட்டு இருங்களேன்.”

“எண்பத்தோரு வயசுல என்னை வைப்பாட்டியா இருக்கச் சொல்றியா? போடி,” என்று பாதி வாயால் சிரித்தாள்.

பணம் தீர்ந்ததும் மறுபடி விண்ணப்பிக்கலாமே என்று அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் சொன்னாள். மறுபடி அலையப்போவது அவளா?

ஜூனில் சித்தியைத் தொலைவில் வேறொரு இல்லத்துக்கு மாற்றினேன். அவளைப் பற்றி வெளியாள் யாருக்கும் எதுவும் சொல்லக்கூடாது என்று இரண்டு இடத்திலும் சொல்லி வைத்தேன். போகும் வழியில் காரிலேயே அவளிடம் சொன்னேன், ஹார்லன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“பக்கத்துல யாராவது இருந்தாங்களா?”

“நான் இருந்தேன் சித்தி,” என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஹார்லனிடம், சித்திக்கு மறுபடி பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டாள், குடும்பத்தோடு அடக்கம் முடிந்தது என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எங்கேம்மா அடக்கம் பண்ணியிருக்கீங்க?”

ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள லூத்தரன் சர்ச் கல்லறைத் தோட்டம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தக் கோடையில் அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. கைத்தடியோடு நடமாடவே குளிர்காலம் ஆகிவிட்டது. ஜனவரியில் சித்தியின் பிறந்தநாள். அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் அவருடைய வண்டி பனியில் புதைந்து கிடந்ததாகவும், அங்கிருந்து நடந்தே போயிருக்கிறார் என்றும் சொன்னீர்கள். ஒரு வரிசை முழுக்கக் கல்லறைக் கற்களின் பனியைக் கையாலேயே துடைத்துப் பெயர் பார்த்திருக்கிறார், அடுத்த வரிசையின் நடுவில் விழுந்து கிடந்தார் என்றீர்கள். பெயர்க்கல் இன்னும் வைக்கவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் தவறு அது ஒன்றுதான்.

மற்றபடி, ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன். அந்தச் சட்டத்தை எழுதியவர்களையும் கூட்டி வந்து என் பக்கத்தில் உட்கார வையுங்கள். சித்தியின் உதவி ஒரு நாள்கூட நிற்கவில்லை. படுக்கை சுத்தமாக இருக்கிறது, மருந்து வேளைக்கு வருகிறது. சீட்டை மட்டும் தொடுவதில்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஹார்லன் செத்துப்போனதை அவளிடம் போய்ச் சொல்ல வேண்டாம். அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும். இப்போது பார்த்தால், நான் அவளிடம் பொய்யே சொன்னதில்லை.