மடவை போற வழி

…'கிந்த பெட்டு, கிந்த பெட்டு'ங்கறான் கண்டக்டரு. கீழதான வெச்சிக்கீறேன், பின்ன என் தலமேலயா வெச்சிக்கீறேன்? நீ வேற மூக்க மூடிக்கினு வர்ற. மலைக்கு நடந்து போறவளா? சர்தான்… மன்னிச்சிக்கோம்மா. ஐஸு போட்டுதான் கட்டிக்கீது, திருப்பதி வரைக்கும் ஒண்ணும் ஆவாது. மடவ மீனு. வயிறு புல்லா சினை. மாசமா கீற பொண்ணுக்கு எடுத்துக்கினு போறேன்.

எம்மவதான், கன்னிகா. தலப்பிரசவம். தலப்பிரசவம்னா தாய்வூட்லதான? உங்க ஊர்ல எப்பிடி? ஆங், எல்லா ஊர்லயும் அதான். இவ வரமாட்டாளாம்! திருப்பதியிலயே பாத்துக்கறாளாம், பெரிய ஆஸ்பத்திரி கீதாம். ஏன், சூளூர்பேட்டையில புள்ளையே பொறக்கறதில்லியா? நான் இவள எங்க பெத்தேனாம்?

படிக்காத மீனுக்குத் தெரியுதும்மா. இந்த மடவ கீதே, பொறக்கறது கடல்ல. குஞ்சுலயே மொகத்துவாரத்து வழியா எங்க ஏரிக்குள்ள வந்துடும். துன்றது, வளர்றது அல்லாம் இங்கதான். ஆனா சினை புடிச்சிதுன்னு வெச்சிக்கோ, நிக்காது. நேரா கடலுதான்! பொறந்த தண்ணியிலதான் முட்ட போடும். கோதாவரி பக்கம் இன்னொரு மீனு, அது தலகீழு. கடல்ல வாழும், முட்ட போட ஆத்துக்கு ஏறும். யாராவது சொல்லிக் குடுத்தாங்களா அதுங்களுக்கு? இவளுக்கு நான் தெனமும் போன்ல சொல்லிக்கினுதான் கீறேன்… கேட்டாத்தான!

மொகத்துவாரம் மண்ணு மூடிக்கிச்சின்னாதான் பாவம். சினைய வெச்சிக்கினு மணலாண்ட வந்து மோதி மோதித் திரும்பும். எங்க ஆம்பளைங்க அங்கதான் வல போடுவாங்க. இந்தப் பையில கீறதும் அப்பிடி மாட்டினதுதான்… இன்னா அப்பிடி பாக்கற? எங்களுக்கும் வயிறு கீதில்ல.

எங்க வுட்டேன்? ஆங், இவ. வராமயும் இல்ல. போன மாசம் பைய தூக்கிக்கினு வந்தா. அவ ரூமு கதவ தொறந்தா… கொடியில ரெண்டு பேண்டு தொங்குது. ஸ்ரீசிட்டி கம்பெனி பசங்க, வாடகைக்கு வுட்டுக்கீறேன். கட்டிக்கினு போனவ ரூமு சும்மா கெடக்கணுமா? 'ஹால்ல படுத்துக்கோடி, ஸ்க்ரீன் கட்டி வுடறேன்'னேன். ஒரு சொம்பு தண்ணி குடிச்சா. அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிட்டா. நான் 'போ'ன்னு ஒரு வார்த்த சொன்னனா? சொல்லு, சொன்னனா?

அந்தப் பசங்க தங்கமான பசங்கம்மா. காலையில போனா பொழுது சாஞ்சிதான் வருவாங்க…

எனக்கு பயமா கீதும்மா. அவ புருஷன் நைட் டூட்டி. வலி எடுத்தா கைய புடிச்சிக்க யார் கீறா அவளுக்கு?

இரு. நீ கொஞ்சம் பேசாம இரு, போன் பண்ணிக்கறேன்… அலோ, தருணு? ஆன்ட்டிதான். ரூம காலி பண்ணுங்கப்பா. இன்னிக்கே… எங்க போவீங்களா? எங்கனா போங்க. ஐய, நீங்க ஒண்ணும் பண்ணல கண்ணு. எம்மவ வரணும். வழி வுடுங்க.