மரப்படியில் வாங்கிய கயிறு

சாயங்காலம் ஐந்தே முக்கால். மலைமேல் ஒரு ஏரி. ஏரியைச் சுற்றிப் போகிற ஒற்றையடிப் பாதை. முன்னால் ஆள் இல்லை... பின்னாலும் இல்லை.

விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள். நாளைக் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றலாம் என்று திட்டம் போட்டவர்கள் கிட்டே வந்து உட்காருங்கள். இது எனக்கு நடந்ததில்லை. என் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் இருக்கிறாரே, அவருடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "இந்த ஃபிரேம் உங்க முகத்துக்கு நல்லா இல்லீங்க" என்று சொல்லி வந்த வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்பவர்.

அவர்கள் வீட்டில் ஒரு நாய். பழுப்பு நிறம், இடது காது மடங்கியிருக்கும். பெயர் மேனேஜர். பெயருக்குக் காரணம் உண்டு. சாயங்காலம் ஆனால் ஆணியில் தொங்குகிற கயிற்றை அதுவே இழுத்து வாயில் கவ்விக்கொள்ளும், பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் புறப்படுகிற மாதிரி. யார் கையில் கயிற்றைப் பார்த்தாலும் பொறுக்காது. வந்து வாங்கிக்கொள்ளும். கண் திறக்காத குட்டியாகத் தெருவில் கிடந்ததை எடுத்து, பஞ்சில் பால் நனைத்து வளர்த்தது கண்ணாடிக்காரரின் மனைவி. அவளுக்கு அது நாயே இல்லை.

நாயுடன் வரலாம் என்பதற்காகவே அந்த ஏரிக்குப் போனார்கள். நுழைகிற இடத்தில் பலகை. 'நாய்களுக்கு அனுமதி உண்டு. கயிற்றைக் கையிலிருந்து விடக் கூடாது.' சுற்று மொத்தம் ஏழு கிலோமீட்டர். மனைவிக்கு அன்றைக்கு முட்டிவலி. காரிலேயே இருந்துவிட்டாள்.

"சீக்கிரம் வந்துடுங்க. அவனை ஓட விடாதீங்க, மூச்சு வாங்கும்" என்றாள். அவன் என்றால் மேனேஜர்.

பாதி வழியில் மாடு வராமல் இருக்க ஒரு வேலி. வேலியின் ஒரு முனை தண்ணீருக்குள்ளேயே இறங்கியிருக்கும். ஆள் ஏறி இறங்க மரப்படி, நாய்க்குக் கீழே சின்னக் கதவு. அந்தக் கதவை அந்தப் பக்கம் போனால்தான் தூக்க முடியும். அதனால் அங்கே நாய்க்காரர்களுக்குள் ஒரு வழக்கம். ஒருவர் படியேறிப் போகும்வரை அவர் நாயை இன்னொருவர் பிடித்துக்கொள்வார். முன்பின் தெரியாதவர் நீட்டினாலும் கை தானாக வாங்கிக்கொள்ளும். மறுமுனையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கண்ணாடிக்காரர் அங்கே போய்ச் சேர்ந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். படிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சாம்பல் நிற மழைக்கோட்டு, தலையை மூடியிருந்தது. கையில் கயிறு. கயிற்றின் மறுமுனை பனிக்குள் போயிருந்தது.

"கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

ஆண் குரலா பெண் குரலா... இன்றைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டார்.

கயிறு சொதசொதவென்று ஈரம். ஈர நாயின் வாடை அவருக்குத் தெரியும். இது அது இல்லை. பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீர் வாடை.

மழைக்கோட்டு படியேறியது. மரம் கிரீச்சிட்டது. ஒன்று... இரண்டு... மூன்று... நாலு. அந்தப் பக்கம் இறங்குகிற சத்தத்துக்குக் காத்திருந்தார்.

அது வரவில்லை.

"என்னங்க... கதவைத் தூக்குங்க" என்றார். எக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் வெறும் புல். அப்போதுதான் மேனேஜரைக் கவனித்தார். முதுகு மயிர் குத்திட்டு நிற்க, வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு, அவர் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கயிறு போன வழியே பார்த்தார். அது பாதையில் போகவில்லை, புதருக்குள்ளும் போகவில்லை. சரிவாகக் கீழே இறங்கி... ஏரிக்குள் போயிருந்தது.

தண்ணீரில் 'களக்' என்று ஒரு சத்தம். கயிறு இழுத்தது.

விட்டுவிடலாம் என்று பார்த்தார். விரல் திறக்கவில்லை. மேனேஜரின் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, இன்னொரு கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். சுண்டுவிரலைப் பிரிக்கும்போது கட்டைவிரல் திரும்ப மூடிக்கொண்டது. மறுபடி இழுப்பு, ஒரு அடி தூரத்துக்கு. அவசரமே இல்லாத இழுப்பு.

ஒன்று மட்டும் புரிந்தது. நடந்தால் அதுவும் கூடவே வருகிறது. நின்றால் உள்ளே இழுக்கிறது. வந்த வழியே திரும்பினார். மூன்றரை கிலோமீட்டர். ஷூ லேஸ் அவிழ்ந்தது, குனியவில்லை. இருட்டிவிட்டது, டார்ச்சை எடுக்கப் பைக்குள் கைவிடவில்லை. அவர் வேகமாக நடந்தால் தண்ணீருக்குள் ஏதோ வேகமாக நடந்தது. நீந்துகிற சத்தம் இல்லை. நடக்கிற சத்தம். அடிமேல் அடியாக.

ஒருவழியாகக் கார் விளக்கு தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது அவருக்கு. ஆனால் அந்த இடத்தில் பாதை ஏரியை விட்டுத் திரும்புகிறது. திரும்பி நாலு எட்டு வைத்தார். கயிறு விறைத்துவிட்டது. அதற்கு மேல் வராது. இருபது எட்டில் கார். காருக்குள் மனைவி. இவர் குதிகால் புல்லைக் கீறிக்கொண்டு பின்னால் போகிறது. மனைவியைப் பெயர் சொல்லிக் கத்தினார்.

டார்ச்சுடன் நொண்டிக்கொண்டு வந்தாள். "மணி ஏழரை ஆகுது. எங்க போனீங்க? யாரு நாய் இது? குடுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்று கையை நீட்டினாள்.

அவ்வளவுதான்... அவர் விரல்கள் தானாகத் திறந்தன. பூட்டு திறந்த மாதிரி, சுகமாக. கயிறு மட்டும் உள்ளங்கையில் ஒட்டியபடியே இருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு கை வாங்கிக்கொண்டால் இது விட்டுவிடும். வாங்குகிற கையை விடாது. இதையும் ஒளிக்காமல் மேஜைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்... ஒரு நிமிஷம் அவர் கை அவளை நோக்கி நீண்டது. தெரிந்தேதான் நீண்டது. பிறகுதான் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தொடாதே, காருக்குப் போ."

"என்னாச்சு உங்களுக்கு?" அவள் இன்னும் கிட்டே வந்தாள். இவரால் பின்னால் போகவும் முடியாது, பின்னால் ஏரி. முன்னால் போகவும் முடியாது, முன்னால் அவள் கை. இடுக்கியில் மாட்டிய மாதிரி நின்றார்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மேனேஜர் வந்தது. திறந்திருந்த அவர் விரல்களிலிருந்து கயிற்றை மெதுவாக வாயில் வாங்கியது. தினமும் வாங்குகிற மாதிரியே. ஒருமுறை அவளைப் பார்த்தது. வாலைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்துபோனது.

தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை.

அவள் பார்த்தது அவ்வளவுதான். புருஷன் நாயைக் கைவிட்டுவிட்டார். விடியும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது அவளுக்கு. ஊரெல்லாம், ஏரி வாசலிலும்கூட, காணவில்லை போஸ்டர் ஒட்டினாள். நடந்ததை அவர் சொன்னார், அவள் நம்பவில்லை. மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆணியை மட்டும் தினமும் துடைத்து வைப்பாள்.

போன சனிக்கிழமை கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஏரியில் டிக்கெட் கொடுக்கிறவர்.

"சார், போஸ்டர்ல பார்த்த நாய்தான். காது மடங்கினது. நாலு நாளா அந்த மரப்படிகிட்டயே நிக்குது. மெலிஞ்சுகூடப் போகல. வாயில ஒரு ஈரக் கயிறு வச்சிருக்கு சார். யார் போனாலும் வாலாட்டிக்கிட்டே, பிடிச்சுக்கோன்னு நீட்டுது."

கண்ணாடிக்காரர் லென்ஸைக் கீழே வைத்தார். "யாராவது... வாங்கினாங்களா?"

"இல்ல சார். ஒரு மாதிரி வாடை அடிக்குது, எல்லாரும் ஒதுங்கிப் போயிடறாங்க. வளத்தவங்க வந்தா வாங்கிக்குவாங்கன்னு விட்டுட்டேன்."

"சரி, நான் வர்றேன். எங்க வீட்டுக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க."

"போஸ்டர்ல முதல் நம்பர் அம்மாவோடதுதானே சார். காலையிலயே சொல்லிட்டேன். அவங்க வந்தாச்சு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போனாங்க... இந்நேரம் மரப்படிகிட்ட போயிருப்பாங்க."