நூல் பிடித்து முகம் காத்த அக்காவுக்கு

கட்டுப்போடும் அறையின் காவலே! கை நடுங்காத கனிவே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் ஊரார் முகங்களைக் காத்த மூத்த செவிலியே! வாயிற்காவலர் முதல் வந்துபோகும் நோயாளி வரை 'நூல் அக்கா' என்று வாய் நிறைய அழைக்கும் எங்கள் அக்காவே!

பணி ஓய்வுக்கென்று பூங்கொத்தும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து, உங்களை 'அமைதியின் வடிவம்' என்று சற்றுமுன் மேடையில் சொன்னார்கள். நீங்கள் அமைதியாக இருந்திருந்தால் ஒரு மனிதரின் கன்னம் தவறான இடத்தில் கிழிந்திருக்கும். அதைச் சொல்லாமல் வெறும் புகழ்ச்சி வாசிக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

தோல் புற்றோ என்று ஐயம் வந்தால் அரிசியளவு சதை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புகிறோம். முடிவு வர மூன்று வாரம். அறுவைக்கு நாள் கிடைக்க இன்னும் மூன்று வாரம். அதற்குள் எடுத்த இடம் ஆறி, அடையாளம் அழிந்துவிடும். புற்று மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும். உயிரை உடனே குடிக்காது. விட்டுவைத்தால் மூக்கையும் இமையையும் அரித்துத் தின்னும். அதனால் பயாப்ஸி எடுத்த அன்றே காதுமடலிலிருந்து புண்வரை ஒரு நூல், கடைக்கண்ணிலிருந்து புண்வரை ஒரு நூல் என்று அளந்து வெட்டிக் கோப்பில் ஒட்டி, பக்கத்தில் அந்த முகத்தையும் வரைந்து வைப்பீர்கள். நீங்கள் வரைந்த மூக்கெல்லாம் கத்திரிக்காய் போலத்தான் இருக்கும், அக்கா! இடம் மட்டும் இம்மியும் பிசகாது.

ஆறாண்டுக்கு முன் அந்த லாரி ஓட்டுநர் மேசையில் படுத்திருந்தார். கன்னத்தில் பளிச்சென்று தெரிந்த பழைய கரும்புள்ளியைச் சுற்றிப் பெரிய டாக்டர் பேனாவால் வட்டம் போட்டார். நீங்கள் நூல்களை வைத்துப் பார்த்தீர்கள். இரண்டு நுனியும் சேர்ந்த இடம் இரண்டு விரற்கடை மேலே, ஆறிப்போய் வழவழவென்றிருந்த தோல்!

"இது இல்லீங்க டாக்டர். எடுத்த இடம் இன்னும் மேல இருக்கு."

"இங்க நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான் டாக்டர். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். கத்திய வச்சிட்டு ஒரு தடவ கோப்ப பாருங்க."

பச்சைத் துணிக்கு அடியிலிருந்து ஓட்டுநர் கேட்டார்: "நான் வேணும்னா எந்திரிச்சுப் போயிட்டு நாளைக்கு வரட்டுமா சார்?"

கோப்பைப் பார்த்தார்கள். நாற்பது நிமிடம் தாமதமாக, சரியான இடத்தில் வெட்டினார்கள். வெட்டியெடுத்த சதையின் ஓரங்கள் சுத்தம், புற்று மிச்சமில்லை என்று சோதனைக்கூடம் சொன்னது. அவர் இன்றும் லாரி ஓட்டுகிறார்.

உங்களுக்குக் கிடைத்தது நன்றியா? நாலாம் நாள் ஒரு மெமோ! 'அறுவைக்கூடத்தில் வரம்பு மீறிப் பேசியது.' அதைக் காட்டியே தலைமைச் செவிலியர் பதவியை இரண்டு முறை தட்டிப் பறித்தார்கள். நீங்களோ மெமோவைப் புரட்டி, அதன் பின்பக்கத்தில் அடுத்த நோயாளியின் முகத்தை வரைந்தீர்கள். "நல்ல தாளு, வீணாக்குவானேன்?" என்று சிரித்தீர்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா.

அதன் நகல் இன்னும் உங்கள் பணிப் பதிவேட்டில் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லிப் போன வாரம் நாங்கள் கொடுத்த மனுவுக்கு, 'ஓய்வு பெறுபவருக்கு இனி அது எதற்கு?' என்று பதில் வந்தது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, அந்த நீக்கம் அவருக்கு வேண்டும். முப்பத்தோராண்டு உழைத்தவர் கறையில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும்!

அக்கா! கண் மங்காமல், கால் வலிக்காமல், மதியம் கால்நீட்டித் தூங்கும் நெடுநாட்கள் உங்களுக்கு வாய்க்கட்டும். உங்கள் நூல்கண்டு இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. நாளை காலை முதல் நூலும் படமும் இல்லாத எந்த முகத்தையும் மேசைக்கு அனுப்ப மாட்டோம். அது வரம்பு மீறல் என்றால் நிர்வாகம் பதினொரு மெமோ அடித்து வைக்கட்டும்.

பின்பக்கம் எங்களுக்கு வேண்டியிருக்கிறது.

என்றும் உங்கள் பக்கம் நிற்கும்,
கட்டுப்போடும் அறை, அறுவைக்கூட ஊழியர்கள்
(பதினொருவரும் கையொப்பமிட்டுள்ளோம்)