சிவப்பு நூல் கட்டிய மரங்கள்

மனோன்மணி: சைக்கிளை ஏன் இவ்வளவு உள்ளுக்குக் கொண்டுவந்து ஒளிக்கிறியள்?

பாலேந்திரா: ஒளிக்கேல்லை. நிழலில விடுறன்.

மனோன்மணி: டென்மார்க்கில நிழல் தேடுற முதல் ஆள் நீங்கள்தான்.

பாலேந்திரா: வரவேண்டாம் மனோ, மணல் பாதை, கால் நோகும் எண்டு சொன்னனான்... கேட்டனீரே?

மனோன்மணி: ஞாயிறு வந்தால் இக்காஸ்ட் ரவுணில ஆருக்கும் முகம் காட்டாமல் இந்தப் பத்தைக்காட்டுக்கு ஓடிவாறியள். இண்டைக்கு நானும் வந்தால் ஆருக்கு இடைஞ்சல்?

பாலேந்திரா: ஒருத்தருக்கும் இல்லை. உம்மட அக்காவும் சிவபாலன் அத்தானும் என்ன சொன்னவை?

மனோன்மணி: ‘போய் உன்ர கண்ணாலயே பாத்திட்டு வா’ எண்டவை.

பாலேந்திரா: எதைப் பாக்க?

மனோன்மணி: அதை நீங்கள்தான் காட்டவேணும்.

பாலேந்திரா: காட்டுறன். இந்த ஊதாப் பூவைப் பாரும். போன மாசம் வந்திருந்தால், கண் போற தூரமெல்லாம் கம்பளம் விரிச்ச மாதிரி...

மனோன்மணி: போன மாசம் என்னை ஆர் கூப்பிட்டது? கதையை மாத்தாதையுங்கோ. நாளைக்கு அண்ணா ஹோர்சன்ஸ் ரவுணிலயிருந்து வாறார்.

பாலேந்திரா: என்ன திடீரெண்டு?

மனோன்மணி: என்னைக் கூட்டிக்கொண்டு போக.

பாலேந்திரா: எத்தினை நாளைக்கு?

மனோன்மணி: நீங்கள் இண்டைக்குச் சொல்லப்போற பதிலில இருக்கு. உங்களுக்கெண்டு பேசி, வைகாசியில வந்திறங்கின பிள்ளை நான். ஆவணி முடிய இன்னும் ஒரு கிழமைதான். பிறகு புரட்டாதி, தாலி கட்டேலாது. அக்கா கேட்டால் பக்ரறியில லீவு இல்லை, கலியாண ஹோல் கிடைக்கேல்லை, ஐயருக்கு ஆளில்லை... ஒவ்வொரு கிழமையும் ஒரு சாட்டு.

பாலேந்திரா: மனோ... அசையாதையும்.

மனோன்மணி: நான் ஏன் அசையோணும்? நீங்கள்தான்...

பாலேந்திரா: காலடியில பாரும்.

மனோன்மணி: ஐயோ! பாம்பு!

பாலேந்திரா: கத்தாதையும். வெயில் காயுது. முதுகில வளைவு வளைவாக் கறுப்புக் கோடு தெரியுதே? விசப்பாம்புதான். காலை நிலத்தில ரெண்டு தரம் தட்டும், அது தன்பாட்டில போயிடும்... ம், போட்டுது. பாத்தீரே?

மனோன்மணி: இதெல்லாம் உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?

பாலேந்திரா: ஒரு மனிசி.

மனோன்மணி: என்ன மனிசி?

பாலேந்திரா: இல்லை... இஞ்ச நடக்க வாற ஒரு மனிசி.

மனோன்மணி: அப்ப மேரிகிறேஸ் சொன்னது சரிதான்!

பாலேந்திரா: உங்கட பக்கத்து வீட்டு மேரிகிறேஸோ? அவவுக்கு என்னவாம்?

மனோன்மணி: பஸ்ஸில போகேக்க கண்டவவாம். காட்டுக்கரையில ஒரு வெள்ளைக்காரியோட நிண்டு நீங்கள் கையைக் காலை ஆட்டிக் கதைச்சியளாம். அவ சிரிச்சவவாம்.

பாலேந்திரா: என்ர டேனிஷைக் கேட்டால் நாயும் சிரிக்கும். அந்த மனிசிக்கு அறுபது வயசிருக்கும் மனோ.

மனோன்மணி: மேரிகிறேஸ் வயசு சொல்லேல்லை.

பாலேந்திரா: பஸ் ஓடின வேகத்தில அவவுக்கு அந்த மனிசியின்ர மயிர் மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்.

மனோன்மணி: சிரிக்க வையாதையுங்கோ. நான் கோவத்தில நிக்கிறன். உங்கட சேட்டில ஒரு வாசம் வருதே, அதுக்கும் வயசு அறுபதோ?

பாலேந்திரா: என்ன வாசம்?

மனோன்மணி: போன ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணி குடிக்க வந்தியளே. பக்கத்தில இருந்த எனக்கு மூக்கில்லையே? ஏதோ சென்ற் மாதிரி.

பாலேந்திரா: அடக் கடவுளே... இஞ்சால வாரும். இந்தச் சதுப்புக் கரைக்கு. இந்த இலையைக் கசக்கி மணந்து பாரும்.

மனோன்மணி: இதே வாசம்தான்.

பாலேந்திரா: இடுப்பளவு பத்தை. இதுக்குள்ளால போய்வந்தால் சேட்டு மணக்காமல் என்ன செய்யும்?

மனோன்மணி: இதுக்குள்ளால ஏன் போறியள்? பாதை இருக்கேக்க?

பாலேந்திரா: ...சும்மா.

மனோன்மணி: இந்தச் சும்மாவைத்தான் என்னால நம்பேலாமல் கிடக்கு. கையைக் காட்டுங்கோ. இந்தக் கீறலெல்லாம் என்ன?

பாலேந்திரா: முள்ளு கீறினது.

மனோன்மணி: முள்ளுக்குள்ள என்ன வேலை?

பாலேந்திரா: உஷ்... கேளும். கேக்குதே?

மனோன்மணி: மாடு கத்துது.

பாலேந்திரா: மாடில்லை. மான். கொம்பன் மான். அந்தப் பைன் மரங்களுக்கு அங்கால நிக்குது. இப்பதான் தொடங்கியிருக்குது, இனி ஒரு மாசத்துக்கு இப்பிடித்தான். சோடி தேடிக் கத்துறது.

மனோன்மணி: ஊர் கேக்க வெளிப்படையாக் கத்துது. அதுக்கு லீவுப் பிரச்சினை இல்லை போல.

பாலேந்திரா: ...நல்லாக் குத்துறீர்.

மனோன்மணி: பொறுங்கோ. இதென்ன?

பாலேந்திரா: எது?

மனோன்மணி: இந்த மரத்தில சிவப்பு நூல் கட்டியிருக்கு.

பாலேந்திரா: ஆரும் பொடியள் விளையாட்டுக்கு...

மனோன்மணி: இது உங்கட பக்ரறி நூல். மிஞ்சின நூல்கண்டையெல்லாம் அக்காவுக்குக் கொண்டுவந்து குடுத்தியளே. அதில நான் தொப்பி பின்னினனான். எனக்குத் தெரியாதே? அங்கையும் ஒண்டு! அங்கால மூண்டாவது... ஆருக்கு அடையாளம் வைக்கிறியள்?

பாலேந்திரா: மனோ, அந்தப் பக்கம் போகவேண்டாம்.

மனோன்மணி: ஏன், அங்கதான் அவ வருவாவோ?

பாலேந்திரா: எவ? நில்லும், சொல்லுறதைக் கேளும்!

மனோன்மணி: ...இதென்ன, மணலில வரிசையாத் தடியள்? எல்லாத்திலயும் நூல். எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. ஆர் நட்டது?

பாலேந்திரா: நான்தான்.

மனோன்மணி: செய்வினையோ?

பாலேந்திரா: விசர்க்கதை கதையாதையும்! கன்னிக்கால் நட்டுப் பாத்தனான்.

மனோன்மணி: கன்னிக்காலோ? கலியாண வீட்டில முதல்ல நடுறதோ?

பாலேந்திரா: வேற எந்தக் கன்னிக்கால்? மாமா உம்மைக் கொழும்பில பிளேன் ஏத்திவிட்ட அண்டைக்கு எனக்குப் போன் எடுத்தவர். ‘தம்பி, கன்னிக்காலுக்கு முள்முருக்கு நடவேணும். அது துளிர்த்தாப் பிறகுதான் என்ர பிள்ளைக்குத் தாலி. அவளுக்கு இதைச் சொல்லாதையும்’ எண்டவர். நானும் ஓம் எண்டிட்டன்.

மனோன்மணி: அப்பாவோ? அப்பா அப்பிடிச் சொன்னவரோ?

பாலேந்திரா: அந்த மனுசன் என்னட்டை வாயைத் திறந்து கேட்டது அது ஒண்டுதான். என்னெண்டு ஏலாதெண்டு சொல்லுறது?

மனோன்மணி: டென்மார்க்கில... முருக்கு...

பாலேந்திரா: இல்லையெண்டு பிறகுதான் தெரியும். ஊர் வழமை தெரிஞ்ச இரத்தினசிங்கம் ஐயாவைக் கேட்டன். முருக்கில்லாட்டி, முள்ளோட வேர்பிடிக்கிற மரம் ஏதாவது பாரும் எண்டவர். அதுதான் ஒவ்வொரு ஞாயிறும் தேடினன். முதல்ல இந்த ஊசி இலை மரம். பிறகு சிவப்புப் பழம் காய்க்கிற அந்த முள்மரம். எதில வெட்டினன் எண்டு மறக்காமல் இருக்க மரத்தில ஒரு நூல், தடியில ஒரு நூல்.

மனோன்மணி: அந்த மனிசி?

பாலேந்திரா: நத்தாருக்குக் கிறிஸ்மஸ் மரம் களவெடுக்க வந்தவன் எண்டு நாயோட வந்து மறிச்சவ. கலியாணத்துக்கு ஒரு முள்ளுத்தடி வேணும் எண்டு விளங்கப்படுத்த நான் பட்டபாடு... அதைத்தான் மேரிகிறேஸ் கண்டிருக்கிறா. பிறகு அவதான் எந்த மரம் எங்க நிக்குது, எங்க பாம்பு படுக்கும் எண்டு காட்டித் தந்தவ.

மனோன்மணி: இவ்வளவு நாளா ஏன் எனக்குச் சொல்லேல்லை?

பாலேந்திரா: முதல்ல மாமா சொன்னதுக்காக. பிறகு... பாரும், நட்டது எல்லாம் செத்துப்போச்சு. ஒண்டுகூடத் துளிர்க்கேல்லை. இந்தக் கலியாணம் சரிவராதெண்டு சகுனம் சொல்லுதோ எண்டு எனக்கே பயம். அதைக் கொண்டுபோய் உம்மட்டைச் சொல்லச் சொல்லுறீரோ? என்ன, சிரிக்கிறீரோ?

மனோன்மணி: இல்லை.

பாலேந்திரா: அப்ப அழுறீரோ? ரெண்டும் ஒண்டு மாதிரிக் கிடக்கு. என்னெண்டு சொல்லும்.

மனோன்மணி: ஒண்டுமில்லை... கண்ணுக்குள்ள மணல்.

பாலேந்திரா: காத்தே இல்லை, மணல் எங்கயிருந்து வந்தது? இப்ப நீர்தான் எனக்கு ஒளிக்கிறீர். நாளைக்கு அண்ணாவோட போறதெண்டால் போம், நான் மறிக்கமாட்டன். ஆனால் கரையில நிக்கிற கடைசித் தடி இன்னும் பச்சையாக் கிடக்கு. அதையும் ஒரு மாசம் பாத்திட்டு...

மனோன்மணி: ஒரு மாசத்துக்கு ஆவணி இராது. அதைப் பிடுங்குங்கோ. சைக்கிளில கட்டிக்கொண்டு போய், அக்கா வீட்டு முத்தத்தில இண்டைக்கே நடுவம். அண்ணாவும் நாளைக்கு வாறார், கலியாணத்துக்கு நிக்கட்டும்.

பாலேந்திரா: துளிர்க்கேல்லையே! மாமாவுக்கு நான் என்ன சொல்லுறது?

மனோன்மணி: அப்பாவுக்கு முருக்கும் வேண்டாம், துளிரும் வேண்டாம். ‘படத்தில மட்டும் பாத்த மனுசன், ஏதாவது சாட்டுச் சொல்லித் தாலியைக் கொஞ்சம் பிந்த வையுங்கோ, நான் பக்கத்தில இருந்து பாத்திட்டு ஓம் எண்டுறன்’ எண்டு அவரிட்டைக் கெஞ்சினது நான். அவர் போயும் போயும் இப்பிடி ஒரு சாட்டைச் சொல்லுவார் எண்டு எனக்கென்ன தெரியும்... நான் பாத்து முடிஞ்சு கனநாள், பிடுங்குங்கோ.